பேட்டைக்கும் ஜாதியா?

(வடசென்னையில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசும்படி கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "சென்னையின் வடபாகமும் தென்பாகமும்" என்பதாகும். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது, வடக்கு ஒரு திசை, தெற்கு ஒரு திசை, அவ்வளவுதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். விஷயம் திசையோடு நின்றிருக்குமானால் நானும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் நமது பட்டணத்தில் திசைக்கு யோக்கியதை கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மனிதனுடைய படிப்பு என்ன, நடத்தை என்ன, கைத்தொழில் என்ன என்று கேட்பதற்கு முன்னால் "வீடு எங்கே?" என்று கேட்கிறார்கள். மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் என்று பதில் வந்தால் நாற்காலி போடுகிறார்கள். வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று பதில் வந்தால் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் வாலிபர்களில் எத்தனை பேர் வேலை மனுவில் அத்தை வீட்டு விலாசத்தையோ சினேகிதன் வீட்டு விலாசத்தையோ எழுதியிருக்கிறீர்கள் என்பதை மனதுக்குள் நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் கை தூக்கச் சொல்லப்போவதில்லை. எனக்கு 22 வயதிருக்கும்போது ஒரு கம்பெனியில் சரக்குக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், போட்டேன். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்றார்கள். பிறகு ரேஷன் கார்டைக் கேட்டார்கள். விலாசத்தைப் படித்தவர் கார்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார். 20 வருஷத்துக்கு மேலாயிற்று. இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

வேலையோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டால் பேட்டையைக் கேட்கிறார்கள். கடன் கேட்டால் பேட்டையைக் கேட்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிறந்த இடத்தைக் கொண்டு மனிதனுக்கு மதிப்புப் போடுவதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த வயிற்றைக் கொண்டு மதிப்புப் போட்டால் அது ஜாதி. பிறந்த பேட்டையைக் கொண்டு மதிப்புப் போட்டால் அது மட்டும் வேறென்ன? இரண்டிலும் மனிதன் செய்த காரியம் ஒன்றுமில்லை. இரண்டிலும் அவன் கேட்டு வாங்கிய பொருளும் இல்லை. ஆகவே இந்தக் கெட்ட பெயரும் நல்ல பெயரும் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று விசாரிக்கலாம்.

முதலாவதாக, ஸ்தலத்தின் ராசி என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வாஸ்து பார்த்து மனை வாங்குவது இப்பொழுது படித்தவர்களிடத்தில்தான் அதிகமாயிருக்கிறது. சரி, அந்த வாஸ்துவையே கேட்போம். வடக்குக்கு அதிபதி யார்? செல்வத்துக்கு அதிபதியாகிய குபேரன். தெற்குக்கு அதிபதி யார்? சாட்சாத் எமன். வடகிழக்கு என்ன? ஈசானிய மூலை, அதைவிட மங்களமான மூலை கிடையாது, அதில் தண்ணீர் இருந்தால் இன்னும் விசேஷம் என்கிறார்கள். அந்தப்படி பார்த்தால் பட்டணத்தின் ஈசானிய மூலையில் சமுத்திரத்தையே வைத்துக்கொண்டிருக்கும் எண்ணூரில் தங்கம் கொட்டிக் கிடக்க வேண்டும். கொட்டிக் கிடப்பது என்ன? நிலக்கரிச் சாம்பல். எமன் வாழும் திசையாகிய அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் ஒரு மனையின் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு நின்றுவிடும். குபேரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெற்கே குடி போய்விட்டானா? எமன் எண்ணூருக்கு மாற்றலாகி வந்துவிட்டானா? வீட்டுக்குள் அடுப்பு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிற சாஸ்திரம், ஊருக்கே அடுப்பாயிருக்கிற அனல் மின் நிலையத்தை எந்த மூலையில் வைப்பது என்று ஏன் வாய் திறக்கவில்லை? யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, அங்கேயிருக்கிற ஜனங்களின் பிறவிக் குணம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இது ராசியைவிடப் பொல்லாத மூட நம்பிக்கை. ஏனெனில் ராசியைச் சொல்லுகிறவனைப் பார்த்துச் சிரிக்கவாவது சிரிக்கலாம். இதைச் சொல்லுகிறவன் அறிவாளி போல் சொல்லுகிறான். பிறவியிலேயே குற்றவாளி என்று ஜனங்களைப் பட்டியல் போட்ட சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று பெயர். 1871இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமல் நடத்தி, 1947இல் இங்கே ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழிந்தது, புத்தி ஒழியவில்லை. குலத்தின் பெயரால் போட்ட பட்டியலைப் பேட்டையின் பெயரால் போடுகிறார்கள்.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? அது ஆகாயத்திலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை. யார் எதை எங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாய்ச் சொல்லுகிறேன்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே நிலம் பெற்றுக் கோட்டை கட்டினார்கள். கோட்டைக்குள் வெள்ளையர், கோட்டைக்கு வடக்கே வேலை செய்கிற நாம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே "கறுப்பர் நகரம்" என்பது. பார்த்தீர்களா? வடக்குக்கு வைத்த முதல் பெயரே நிறத்தைக் கொண்டு வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துப் பிறகு 1749இல் திருப்பிக் கொடுத்த பின்னர், கோட்டையின் பீரங்கிக்கு மறைவில்லாமல் வெட்ட வெளி வேண்டும் என்று, பழைய கறுப்பர் நகரத்தின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஜனங்கள் இன்னும் வடக்கே தள்ளப்பட்டார்கள். கறுப்பர் நகரம் என்பது ஜார்ஜ் டவுன் என்று மாறியதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

கம்பெனியின் வியாபாரம் துணி. அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. அதாவது கம்பெனியின் லாபம் வெளுத்தது நம்முடைய பேட்டையில். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கு முகம் சுளிக்கிறார்கள்.

இந்தக் கறுப்பர் நகரத்தைச் சுற்றி, ஹைதர் அலிக்குப் பயந்து, ஒரு மதில் கட்டினார்கள். செலவுக்கு ஜனங்களிடத்தில் வரி போட யோசனை செய்தார்கள். வரி வசூலாகவில்லை. மதிலும் அனேகமாய்ப் போய்விட்டது. ஆனால் "வால்டாக்ஸ் ரோடு" என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. இல்லாத மதிலுக்கு, வாங்காத வரிக்கு, ஒரு தெரு இத்தனை காலமாகப் பெயர் சுமக்கிறது என்றால், ஊருக்கு வைக்கிற பெயரெல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புத்திசாலி சொல்லுவான்?

நிற்க. பயம் நீங்கியவுடன் துரைமார்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். வடக்கே வந்தார்களா? இல்லை. மவுண்ட் ரோட்டின் இருபுறமும், நுங்கம்பாக்கத்திலும், அடையாற்றங்கரையிலும் ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்து வீடு கட்டினார்கள். கையில் பணமிருந்த நம்மவர்களும் பின்னாலேயே போனார்கள். போக முடிந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்கள் இருந்தார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் முதல் வித்தியாசம் இதுதான்.

பிறகு இயந்திரம் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே தொழிற்சாலை வந்தது. 1870களில் துறைமுக வேலை தொடங்கிற்று. 1876இல் பக்கிங்ஹாம் மில், சில வருஷத்தில் கர்நாடிக் மில். துறைமுகமும் ரயிலும் கால்வாயும் எங்கேயோ அங்கே ஆலை வரும். ஆலை எங்கேயோ அங்கே கூலிக்காரன் குடிசை போடுவான். இதில் தெய்வச் செயல் ஏது? சுதந்திரம் வந்த பிறகும் அதே பாதைதான். 1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970இல் எண்ணூரில் அனல் மின் நிலையம். தெற்கே எது போயிற்று? 1959இல் ஐ.ஐ.டி.; 2000இல் தரமணியில் டைடல் பூங்கா; 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். நல்ல காரியங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புகை விடுகிற குழாயெல்லாம் ஒரு பக்கமும், புத்தகம் அடுக்குகிற அலமாரியெல்லாம் இன்னொரு பக்கமும் போய்ச் சேர்ந்தால், சில காலத்தில் அந்தப் பக்கத்தான் படித்தவன் என்றும், இந்தப் பக்கத்தான் முரடன் என்றும் பெயர் வருவதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்?

இதற்கெல்லாம் மேலே ஒரு கண்கண்ட சாட்சி இருக்கிறது. அது கடல். நமது கரையில் வருஷத்தின் பெரும் பகுதி அலையானது மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைப் போட்டுச் சுவர் எழுப்பினார்கள். போகிற மணலைச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் எங்கே போகும்? சுவருக்குத் தெற்கே குவிந்தது. அப்படிக் குவிந்துதான் மெரினாக் கடற்கரை இவ்வளவு அகலமாயிற்று. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டார். 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தைக் கட்டினபோது அது கடலோரக் கட்டடம். இன்றைக்கு அதன் வாசலிலிருந்து தண்ணீரைத் தொடப் போகிறவன் மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

சுவருக்கு வடக்கே என்ன நடந்தது? வர வேண்டிய மணல் வரவில்லை. அலையோ தன் வேலையை நிறுத்தவில்லை. ஆகவே ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கரையையே தின்றது. மீனவர் வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தோழர்களே! கட்டினது ஒரே சுவர். அது தெற்குக்கு உலாவ மணல் கொடுத்தது. வடக்குக்கு வீட்டு வாசலில் கல் கொடுத்தது. இப்பொழுது மெரினாவில் காற்று வாங்குகிறவர், "காசிமேட்டுப் பக்கம் கடற்கரையே நன்றாயில்லை, அந்த ஜனங்களுக்குச் சுத்தமாய் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்கிறார். அவர் காலுக்குக் கீழே கிடக்கும் மணல் வடக்கே வந்து சேர வேண்டியிருந்த மணல் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா?

இனி வரவு செலவு பார்ப்போம். பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் 1872 முதல் வருவது புழல் ஏரியிலிருந்து. அது எந்தத் திசை? நம்முடைய திசை. கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவில், 2010இல் வந்தது மீஞ்சூரை அடுத்து. தெற்கே நெம்மேலியிலும் பிற்பாடு வந்தது, மறுக்கவில்லை. விளக்கெரிய மின்சாரம், வண்டி ஓடப் பெட்ரோல், அடுப்பெரிய எரிவாயு, பிரயாணத்துக்கு ரயில் பெட்டி, வெளிநாட்டுச் சரக்கு, தட்டில் மீன், இவையெல்லாம் எந்தக் கைகளின் வழியாய் வருகின்றன? தேசமெல்லாம் புகழ்கிற வந்தே பாரத் ரயிலின் முதல் பெட்டிகள் 2018இல் செய்யப்பட்டது பெரம்பூர்த் தொழிற்சாலையில்தான். அது வடசென்னை வண்டி என்று யாரும் ஏற மறுக்கவில்லை. செய்கிறவன் பேட்டை மட்டும் ஆகாதாம்.

இதற்குப் பிரதியாக வடக்குக்கு வந்தது என்ன? எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017இல் மூடுகிற வரையில் கரியை எரித்தது. அதன் பக்கத்திலேயே 1990களில் வந்த வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல், குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்து, ஆற்றையே மேடாக்கிற்று. மீனும் இறாலும் குறைந்தன. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அந்த எண்ணெயை அள்ளுவதற்கு வாளிதான் கிடைத்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீட்டுக்குள் வந்து சுவரில் கறுப்புக் கோடு போட்டது. அதே மாதம் 26ஆந்தேதி நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பத்துத் தாய்மார்கள் தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஊர்க் குப்பையைக் கொட்டக் கொடுங்கையூர். தெற்கே பெருங்குடியிலும் கொட்டினார்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே நாசம் செய்தார்கள். அதுவும் அக்கிரமந்தான். அக்கிரமத்தைச் சமமாய்ப் பங்கு போடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒருவனுடைய வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டு, பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இவன் நாறுகிறான்" என்று சொல்லும் சாமர்த்தியத்தைத்தான் கண்டிக்கிறேன்.

சிலர் கேட்கலாம்: "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா, உங்கள் பக்கத்தில் ரவுடி இல்லையா? கத்திக்குத்து நடக்கவில்லையா?" என்று. இருக்கிறது, நடக்கிறது. மூடி மறைப்பது நமது வேலையல்ல. கத்தி எடுக்கிறவன் நம் பிள்ளையையே முதலில் குத்துகிறான். ஆகவே அதை ஒழிப்பதில் நமக்குத்தான் முதல் அக்கறை. ஆனால் பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெரிய பாங்கி முழுகிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. அதன் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டுச் சிறைக்கும் போனார். அதற்காகத் துரைமார்கள் வாழ்ந்த தோட்ட வீட்டுத் தெருக்களை யாராவது "திருட்டுப் பேட்டை" என்றார்களா? அங்கே பிறந்த பிள்ளைக்கு யாராவது வேலை மறுத்தார்களா? கத்தியால் ஒருவன் குத்தினால் பேட்டையே குற்றவாளி. பேனாவால் ஒருவன் ஆயிரம் குடும்பத்தைக் குத்தினால் அவன் மட்டும் குற்றவாளி! இதென்ன நியாயம்?

அன்றியும், முரடர்கள் என்று சொல்லப்படுகிற இந்தப் பேட்டைகளில்தான் 1918 ஏப்ரல் 27ஆந்தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரக்காரர்கள் அதைச் சொல்லுகிறார்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் இருந்து நடத்தினார்கள். கூட்டம் போட்டு, சந்தா கட்டி, கணக்கு வைத்து உரிமை கேட்ட பில் தொழிலாளியை முதலாளி என்னவென்று அழைத்தான்? கலகக்காரன் என்றான். கேட்பவனைக் கலகக்காரன் என்பதும், கலகக்காரன் பிள்ளையை ரவுடி என்பதும் ஒரே பரம்பரைப் பேச்சு. அந்த மில் 1996இல் மூடிப் போயிற்று. வேலை போனவனை ஊர் மறந்தது. பெயரை மட்டும் மறக்கவில்லை.

நமது பேச்சைக் கேட்டும் சிரிக்கிறார்கள். சினிமாவில் நகைச்சுவை வேண்டுமென்றால் நமது பாஷையைப் பேசவிடுகிறார்கள். சங்கதி என்ன? துறைமுகத்தில் தெலுங்கரும் உருதுக்காரரும் வெள்ளைக்காரரும் தமிழரும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். சேர்ந்து உழைத்தவர்களின் பேச்சும் சேர்ந்தது. நாஷ்டா உருது; பேமானியும் நேர்மையில்லாதவன் என்று பொருள்படும் உருதுச் சொல்லின் திரிபுதான். "கஸ்மாலம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒரு சேதி: அது நாம் செய்த சொல்லல்ல, சுத்தமான சமஸ்கிருதம். அவர்கள் பாராயணம் செய்யும் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணன் சொன்னால் உபதேசம், காசிமேட்டான் சொன்னால் ஆபாசமா?

இது சென்னைக்கு மட்டும் உள்ள வியாதி என்றும் நினைக்க வேண்டாம். கம்பெனிக்காரர்களின் சொந்த ஊராகிய லண்டனிலேயே மேற்குப் பாகம் சீமான்களுக்கு, கிழக்குப் பாகம் ஏழைகளுக்கு என்று ஆகிவிட்டிருந்தது. கப்பல் துறைகள் கிழக்கே. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடித்துப் புகையைக் கிழக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். சார்லஸ் பூத் என்பவர் 1889இல் லண்டன் தெருக்களுக்கு வர்ணம் பூசி ஒரு வரைபடம் வெளியிட்டார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், ஏழைத் தெருவுக்கு நீலம், அடிமட்டத்துக்குக் கறுப்பு. கறுப்புக்கு அவர் எழுதிய விளக்கம், துஷ்டர்கள், பாதிக் குற்றவாளிகள் என்பதாகும். ஆனால் அதே பூத், கிழக்கு லண்டன் குடும்பங்கள் ஏன் ஏழையாயின என்று விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் வேலை சரியாய்க் கிடைக்காததும் கூலி போதாததுமே என்றும், குடி முதலிய பழக்கங்களால் கெட்டவர்கள் அதைவிட மிகச் சொற்பம் என்றும் கண்டார். வர்ணம் பூசினவரே எண்ணிப் பார்த்தவுடன் வர்ணத்துக்கு வெளியே உண்மை வந்துவிட்டது. எண்ணிப் பார்ப்பதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். தெற்கத்தியார் எல்லோரும் நமக்கு விரோதிகள் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். தெற்கே ஆடம்பரத்துக்குப் பெயர்பெற்ற தியாகராய நகர் யார் பெயரால் விளங்குகிறது? 1852இல் இதோ இந்தக் கொருக்குப்பேட்டையில் பிறந்து, நகரசபைத் தலைவராயிருந்த சர் பிட்டி தியாகராயர் பெயரால். கொருக்குப்பேட்டை ஆகாது என்கிறவர்கள், கொருக்குப்பேட்டைக்காரர் பெயருள்ள கடைத்தெருவில்தான் பட்டுப்புடவை வாங்குகிறார்கள்.

மேலும், தெற்கிலும் ஒரு வடக்கு இருக்கிறது. 2000 முதல் கூவக்கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கு வீடுகளில் வைத்தார்கள். அது தெற்கு; கண்ணாடி மாளிகைகளில் கம்ப்யூட்டர் வேலை நடக்கிற பெரிய சாலைக்குப் பக்கம். தெற்கு என்பதால் அவர்களுக்கு நல்ல பெயர் வந்ததா? கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள வாலிபர்களும் சொல்லுகிறார்கள். ஆகவே கெட்ட பெயர் திசையைப் பார்த்து வருவதில்லை. வறுமையைப் பார்த்து வருகிறது. அந்தக் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி விளையாடிய இந்தியப் பெண்கள் கபடி அணி 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிற்று. வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுகிறவர் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். ஜெயித்த அன்றைக்கு "நம் ஊர்ப் பெண்" என்கிறார்கள், மறுநாள் அதே தெருப் பெண் வேலை கேட்டுப் போனால் "அந்த ஏரியாவா?" என்கிறார்கள்.

தோழர்களே! பிறரைச் சொன்னது போதும். நம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும். பெரம்பூர்க்காரர் "நாங்கள் வியாசர்பாடி இல்லை" என்கிறார். வியாசர்பாடியில் மெயின் ரோட்டுக்காரர் "உள்ளே இருக்கிற பிளாக் வேறு, நாங்கள் வேறு" என்கிறார். உள்ளே இருக்கிறவர் "அந்தக் கடைசி வரிசைதான் மோசம்" என்கிறார். இது எதைப்போல் இருக்கிறது? ஒருவனுக்குக் கீழே ஒருவன் என்று அடுக்கி, மேலே இருக்கிறவனிடம் வாங்கிய உதையைக் கீழே இருக்கிறவனுக்குக் கொடுத்துத் திருப்தி அடையச் செய்கிற ஜாதி முறையேதான். இதனால் நாம் பட்ட அடியைச் சரித்திரத்திலே பாருங்கள். 1921இல் மில் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் ஒற்றுமை ஜாதியால் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. யாருக்கு லாபம்? எரிந்த குடிசைக்காரனுக்கா? எரித்த கூலிக்காரனுக்கா?

இன்னொரு கேடு, சினிமாவைப் பார்த்து நமது வாலிபர்களில் சிலர், "ஆமாம், நாங்கள் வடசென்னை, எங்களிடம் வைத்துக்கொள்ளாதே" என்று மார் தட்டுவது. பிறன் பூசின கரியைச் சந்தனமென்று பூசிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது? பெருமைப்பட வேண்டுமானால் ரயில் பெட்டி செய்தோம், சங்கம் கண்டோம், கடலுக்குள் போய் மீன் பிடித்து ஊருக்குச் சோறு போட்டோம் என்று பெருமைப்படுங்கள். கத்தியால் வந்த பெயர் எவனுடைய பிள்ளைக்கும் வேலை வாங்கித் தராது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, இனிமேல் வேலை மனுவில் சொந்த விலாசத்தையே எழுதுவது. ஒருவன் எழுதினால் அவன் மனு குப்பைக்குப் போகும். ஆயிரம் பேர் எழுதினால் எத்தனை மனுவைக் குப்பையில் போடுவான்? தேர்ந்தவனை விலாசத்துக்காகத் தள்ளினார்கள் என்று தெரிந்தால் மூடி வைக்காமல் வாசகசாலைக்கு வந்து சொல்லுங்கள். பத்துப் பேராய்ப் போய்க் காரணம் கேட்போம். இரண்டாவது, நமது காற்றிலும் தண்ணீரிலும் என்ன கலந்திருக்கிறது என்ற அளவை நமது பாஷையில், நமது தெருமுனையில் எழுதிவைக்கும்படி கார்ப்பரேஷனையும் சர்க்காரையும் கேட்பது. 2011இல் திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் எல்லாம் பெருநகர மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. பெயர் சேர்ந்தால் போதுமா? மெட்ரோ ரயில் சென்னையில் 2015இல் ஓட ஆரம்பித்தது. விம்கோ நகருக்கு வர 2021 ஆயிற்று. 2024இல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று சர்க்கார் ஆரம்பித்திருக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் அது நமக்குப் போடுகிற பிச்சை அல்ல, நீண்டநாள் பாக்கி என்பதை மறக்காமல் கணக்குக் கேளுங்கள். மூன்றாவது, இந்த வாசகசாலையைப்போல் ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்று வைப்பது. கோட்டூர்புரத்து நூலகம் நமக்குந்தான் சொந்தம், அங்கேயும் போங்கள். இங்கேயும் வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையிடம், "அந்தத் தெருப் பையனோடு சேராதே" என்று சொல்வதற்கு முன், அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள். நாம் நம் வீட்டுக்குள் கேட்கிற கேள்வியைத்தான் நாளைக்குக் கம்பெனிக்காரன் நம் பிள்ளையிடம் கேட்கப்போகிறான்.

நான் அதிகம் படித்தவனல்ல. எனக்குத் தெரிந்த மட்டில், கண்ணில் பட்டதையும் தேடிப் படித்ததையும் சொன்னேன். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாளைக் காலையில் காசிமேட்டுக் கற்களின் மேல் நின்று கடலைப் பாருங்கள். சாயந்திரம் மெரினாவுக்குப் போய் மணலைப் பாருங்கள். நடுவில் இருக்கிற சுவரையும் பாருங்கள். பார்த்துவிட்டு, வித்தியாசம் மனிதனுடைய பிறவியில் இருக்கிறதா, மனிதன் கட்டின சுவரில் இருக்கிறதா என்று உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.